மூளையைப் படம் பிடித்து மருந்தைச் சோதிக்கிறார்கள்!



பக்கவாதம் என்றால் என்னவென்று உங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்து லயமானாலும் சரி, தோட்டத்தை விட்டு வந்து குடியேறிய பட்டணத்து அடுக்குமாடி வீடானாலும் சரி, ஒரு பக்கம் கையும் காலும் விழுந்து, கட்டிலே கதியென்று கிடக்கும் ஒருவரையாவது நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். நேற்றுவரை விடியுமுன் எழுந்து பால் வெட்டப் போனவர். செம்பனைக் குலையை ஒரே தூக்கில் லாரியில் ஏற்றியவர். இன்றைக்கு ஒரு வாய்க் கஞ்சிக்குப் பிறர் கையை எதிர்பார்க்கிறார். சம்பாதித்த கை விழுந்துவிட்டால் பிள்ளைகளின் படிப்பு தடுமாறுகிறது. பக்கத்திலிருந்து கவனித்துக்கொள்ள மனைவியோ மகளோ வேலையை விடவேண்டி வருகிறது. நோய் ஒருவருக்கு; வேதனை குடும்பத்துக்கு!

"விஞ்ஞானம் இவ்வளவு வளர்ந்திருக்கிறதே, இதற்கு ஒரு மருந்து கண்டுபிடிக்கக் கூடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தேடாமல் இருந்துவிடவில்லை. 2006-ஆம் ஆண்டில் வெளியான ஒரு கணக்கெடுப்பின்படி, பக்கவாதத்துக்காக ஆராய்ச்சிக்கூடங்களில் சோதித்துப் பார்க்கப்பட்ட சிகிச்சைகள் 1,026. அவற்றில் மனிதர்களுக்கே கொடுத்துப் பார்க்கப்பட்டவை 114. எலியிடம் வென்ற மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக மனிதனிடம் தோற்றுப்போயின.

அத்தனை மருந்துகளுமா மோசம்? அல்லது சோதித்த முறையிலும் கோளாறு இருந்ததா?

பின்னதும் உண்மை என்பதை மருத்துவர்கள் மெல்ல மெல்லத்தான் உணர்ந்தார்கள். அதை உணர்த்தியது மூளையைப் படம் பிடிக்கும் கருவி. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம். நம் வீட்டிலும் இப்படி ஒரு நாள் வரக்கூடும் என்பதால், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

மூளைக்குள் நடப்பது என்ன?

ஒரு லயத்தில் இருபது வீடுகள். எல்லா வீட்டுக்கும் ஒரே பைப்பிலிருந்து தண்ணீர் வருகிறது. நடுவில் எங்கோ பைப்பு அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? அடைப்புக்கு அப்பால் உள்ள வீடுகளில் தண்ணீர் நின்றுவிடும். பக்கவாதம் வந்த பெரும்பாலோருக்கு நடப்பது இதுதான். மூளைக்குப் போகும் இரத்தக் குழாயில் இரத்தக்கட்டி ஒன்று வந்து அடைத்துக்கொள்கிறது.

இன்னொரு வகையும் உண்டு. அதில் பைப்பு அடைப்பதில்லை, வெடிக்கிறது. இரத்தம் மூளைக்குள் கசிகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அதே கோணிய வாய், அதே விழுந்த கை. ஆனால், வைத்தியமோ நேர் எதிர். கட்டியைக் கரைக்கும் மருந்தை இரத்தக் கசிவு உள்ளவருக்குக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து!

பெரிய குழாய் அடைபட்ட மூளையில் ஒரு நிமிடத்துக்குச் சராசரியாக 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று 2006-இல் ஒரு மருத்துவர் கணக்கிட்டுச் சொன்னார். நீங்கள் வெற்றிலை மடித்து வாயில் போடும் நேரத்துக்குள் இத்தனை இழப்பு.

இசைத்தட்டுக் கம்பெனி தந்த கருவி

உயிரோடிருப்பவரின் மண்டையைத் திறக்காமல் மூளையை நேராகப் பார்ப்பது நெடுங்காலம் வரை முடியாத காரியமாக இருந்தது. சாதாரண எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், மூளையைக் காட்டாது.

வழி பிறந்தது இங்கிலாந்தில். நாய் படம் போட்ட இசைத்தட்டுகள் உங்களுக்கு நினைவிருக்கும். அந்தத் தட்டுகளை வெளியிட்ட இ.எம்.ஐ. நிறுவனத்தில் கோட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற பொறியியலாளர் வேலை பார்த்தார். எக்ஸ்ரே கதிரைப் பல கோணங்களிலிருந்து செலுத்தி, கணினியைக் கொண்டு கூட்டிக் கழித்து, தலையின் உள்ளமைப்பைத் துண்டு துண்டாகக் காட்டும் கருவியை அவர் உருவாக்கினார். 1971-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி, லண்டன் நகரின் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் மூளை அப்படிப் படம் பிடிக்கப்பட்டது. அதுவே சி.டி. ஸ்கேன். அந்தக் கணக்கின் அடிப்படையைத் தனியாகக் கண்டறிந்த ஆலன் கோர்மாக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டும் 1979-இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

கசிவா, அடைப்பா என்ற கேள்விக்குச் சி.டி. ஸ்கேன் சில நிமிடங்களில் பதில் சொன்னது. கட்டியைக் கரைக்கும் மருந்தைத் துணிந்து சோதிக்க வழி கிடைத்தது. 1995-ஆம் ஆண்டு அமெரிக்காவில் 624 நோயாளிகளைக் கொண்டு நடந்த சோதனையின் முடிவு வெளியானது. நோய் கண்ட 3 மணி நேரத்துக்குள் 'ஆல்டிப்ளேஸ்' என்ற மருந்தை ஏற்றினார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, மருந்து பெற்றவர்களில் 100-க்கு 39 பேர் ஏறக்குறைய முழு நலத்துடன் இருந்தார்கள். மருந்து பெறாதவர்களில் 100-க்கு 26 பேர்தான் அப்படி இருந்தார்கள். இன்னொரு பக்கமும் உண்டு. மருந்து பெற்றவர்களில் 100-க்கு 6 பேருக்கு மேல் மூளையில் மோசமான இரத்தக் கசிவு ஏற்பட்டது. மற்றவர்களில் அது 100-க்கு ஒருவருக்கும் குறைவு.

இந்தச் சோதனையில் படத்துக்கு ஒரே வேலைதான்: இரத்தக் கசிவு இல்லை என்று காட்டுவது. யாருக்கு மருந்து என்று முடிவு செய்தது சுவரில் தொங்கிய கடிகாரம். 3 மணிக்குள் வந்தால் உண்டு; தாண்டினால் இல்லை.

கிரகணத்தின் நிழல்

எல்லாருடைய மூளையும் ஒரே வேகத்திலா சாகிறது? இல்லை!

கிரகணத்தன்று விழும் நிழலில் இரண்டு பகுதிகள் உண்டு. நடுவில் கருநிழல், அதைச் சுற்றி மங்கலான புறநிழல். அடைப்பு விழுந்த மூளையிலும் இப்படியே. நடுவில் ஒரு பகுதி சீக்கிரமே செத்துப்போகிறது. அதைச் சுற்றியுள்ள பகுதிக்கு அக்கம்பக்கத்துச் சிறு குழாய்கள் வழியே கொஞ்சம் இரத்தம் கசிந்து வந்துகொண்டிருக்கும். அந்தப் பகுதி வேலை செய்வதை நிறுத்திவிடுகிறது, ஆனால், சாகவில்லை. மயங்கிக் கிடக்கிறது. 1981-ஆம் ஆண்டில் ஆஸ்ட்ரப், சீஷோ, சைமன் என்ற மூன்று அறிஞர்கள் எழுதிய கட்டுரையில் இதற்குப் 'பெனும்பிரா', அதாவது புறநிழல் என்றே பெயர் சூட்டப்பட்டது.

வறட்சிக் காலத்தில் நாற்றுமேடையைப் பார்த்திருப்பீர்கள். சில கன்றுகள் காய்ந்து சருகாகிவிட்டன. சில கன்றுகள் இலை தொங்கி வாடி நிற்கின்றன. சருகுக்கு எத்தனை வாளி தண்ணீர் ஊற்றினாலும் துளிர்க்காது. வாடிய கன்றுக்கு உடனே ஊற்றினால் நிமிர்ந்துவிடும். பக்கவாத மருந்து காப்பாற்றக்கூடியது இந்த வாடிய பகுதியை மட்டுமே.

சிலருக்குப் பக்கக் குழாய்கள் வளமாக இருக்கும். அவர்களுடைய புறநிழல் பல மணி நேரம் தாக்குப்பிடிக்கும். சிலருக்கோ ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆக, உண்மையான கடிகாரம் சுவரில் இல்லை. அவரவர் மண்டைக்குள் இருக்கிறது!

அந்தக் கடிகாரத்தைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவை புதிய படமுறைகள். 1990-ஆம் ஆண்டு, பூனைகளை வைத்து நடந்த ஓர் ஆராய்ச்சியில், காந்தத்தால் இயங்கும் எம்.ஆர்.ஐ. கருவி, அடைப்பு விழுந்து ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பாதிப்பைக் காட்டிவிடும் என்று தெரிந்தது. பிறகு, நரம்பில் ஒரு சாய மருந்தை ஏற்றி, அது மூளைக்குள் எங்கே வேகமாகப் போகிறது, எங்கே தாமதிக்கிறது என்று பார்க்கும் முறையும் வந்தது. இதைச் சி.டி. கருவியிலும் செய்யலாம். ஒரு படம் செத்த இடத்தைக் காட்டும். மற்றொரு படம் இரத்தம் சரியாக எட்டாத இடம் முழுவதையும் காட்டும். பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் மிஞ்சுவது என்ன? இன்னும் காப்பாற்றக்கூடிய பகுதி!

சிறு சோதனையின் சங்கடம்

இனி நம் விஷயத்தின் நடுவுக்கு வருவோம். ஒரு புது மருந்து ஒரே நாளில் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடாது. நம் நாட்டு ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் புதிய ரப்பர் ரகத்தை எப்படிக் கொண்டுவந்தது என்று நினைத்துப் பாருங்கள். எடுத்த எடுப்பில் ஆயிரம் ஏக்கரில் நட்டுவிடவில்லை. முதலில் சிறு பாத்தி. அதில் தேறினால்தான் பெரிய பரப்பு. மருந்தும் அப்படித்தான். முதல் கட்டத்தில் ஒரு சிலருக்குக் கொடுத்துக் கெடுதல் இல்லையா என்று பார்ப்பார்கள். இரண்டாம் கட்டத்தில் சில பத்துப் பேர் அல்லது சில நூறு பேர். "இதில் ஏதாவது பலன் தெரிகிறதா? எந்த அளவு மருந்து சரி?" என்று பார்க்கும் கட்டம் அது. மூன்றாம் கட்டத்தில்தான் பல நூறு, சில வேளை பல ஆயிரம் நோயாளிகள்.

பக்கவாதத்தில் சங்கடம் இந்த இரண்டாம் கட்டத்தில்தான் இருந்தது. நூறு பேரைச் சேர்க்கிறார்கள். அவர்களில் சிலருக்கு மூளையின் அந்தப் பகுதி முழுவதும் செத்துவிட்டது. சிலருக்குக் கட்டி தானாகவே கரைந்துவிட்டது. மருந்து இல்லாமலேயே எழுந்து நடப்பார்கள். மிஞ்சியவர்களுக்குத்தான் மருந்தால் ஏதாவது செய்ய முடியும். மூவரையும் ஒன்றாகக் கலந்து சராசரி பார்த்தால் நல்ல மருந்தின் பலனும் கண்ணுக்குத் தெரியாது. சருகு, வாடியது, செழித்தது என்று பார்க்காமல் மேடை முழுவதும் தண்ணீர் ஊற்றிவிட்டு, "தண்ணீரால் பயனில்லை" என்று எழுதி வைத்த கதைதான்!

இன்னொரு சங்கடமும் உண்டு. பலனை அளப்பது மூன்று மாதம் கழித்து. அதற்குள் ஒருவருக்குச் சளி பிடித்து நெஞ்சில் கட்டிக்கொள்கிறது. இன்னொருவருக்கு வீட்டில் நல்ல கவனிப்பு கிடைக்கிறது. நடை திரும்பியதற்கோ திரும்பாததற்கோ காரணம் மருந்தா, மற்றவையா? சிலபேரை மட்டும் வைத்து இதைப் பிரித்துச் சொல்ல முடியாது.

படம் இரண்டு சங்கடங்களுக்கும் வழி சொன்னது. சோதனையில் சேர்க்கும் முன்பே படம் எடுத்து, காப்பாற்றத்தக்க பகுதி உள்ளவர்களை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். மருந்து கொடுத்து ஒரு நாள் கழித்து மறுபடியும் படம் எடுத்து, அடைப்பு திறந்ததா, இரத்தம் திரும்பியதா, செத்த இடம் பரவியதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

75 பேர் சொன்ன பதில்

இதற்கு நல்ல சான்று ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு சோதனை. 'டெனெக்டிப்ளேஸ்' என்பது மாரடைப்புக்கு ஏற்கெனவே பயன்பட்டுவந்த, கட்டியைக் கரைக்கும் மருந்து. ஆல்டிப்ளேஸை ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும். இதை ஒரே ஊசியாகப் போட்டுவிடலாம். இது பக்கவாதத்துக்கும் உதவுமா என்பது கேள்வி.

அமெரிக்காவில் இதே கேள்வியோடு ஒரு சோதனை தொடங்கியது. பழைய முறைப்படியே நோயாளிகளைச் சேர்த்தார்கள். ஆள் சேர்வது மிகவும் தாமதமாகி, 112 பேரோடு அது பாதியில் நின்றது. 2010-இல் வெளிவந்த முடிவில் உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை.

ஆஸ்திரேலியாவில் மருத்துவர் மார்க் பார்சன்ஸ் குழுவினர் வேறு வழியில் போனார்கள். நோய் கண்டு 6 மணி நேரத்துக்குள் வந்தவர்களைச் சி.டி. கருவியில் படம் பிடித்தார்கள். பெரிய குழாயில் அடைப்பு இருக்கவேண்டும். காப்பாற்றத்தக்க பகுதியும் இருக்கவேண்டும். இரண்டும் உள்ளவர்களையே சேர்த்தார்கள். மொத்தம் 75 பேர்! 25 பேருக்குப் பழைய மருந்து, 25 பேருக்குப் புது மருந்து குறைந்த அளவில், 25 பேருக்குக் கூடுதல் அளவில். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள்.

24 மணி நேரம் கழித்து மறுபடியும் படம். பழைய மருந்து பெற்றவர்களில், இரத்தம் எட்டாதிருந்த பகுதியில் சராசரியாக 55 விழுக்காட்டுக்கு இரத்தம் திரும்பியிருந்தது. புது மருந்து பெற்றவர்களில் 79 விழுக்காடு! மூன்று மாதம் கழித்து, கடுமையான ஊனம் இல்லாதவர்கள், பழைய மருந்தில் 25-க்கு 10 பேர். புது மருந்தைக் கூடுதல் அளவில் பெற்றவர்களில் 25-க்கு 18 பேர். 2012-ஆம் ஆண்டு இந்த முடிவு வெளியானது.

இதை வைத்து உடனே உலகம் முழுவதும் மருந்தை மாற்றிவிட்டார்களா? இல்லை. 25 பேர் என்பது சிறு பாத்திதான். அதிர்ஷ்டமும் கலந்திருக்கலாம். அந்தச் சோதனை சொன்னது ஒன்றே: "பெரிய பரப்பில் நட்டுப் பார்க்கலாம், இந்த அளவில் நடலாம்." அப்படியே செய்தார்கள். 2018-இல் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 202 பேரிடம் நடந்த சோதனையிலும் புது மருந்து முந்தியது. பிறகு கனடாவில், இந்தப் படத் தேர்வு இல்லாமல், சாதாரணமாக ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளிகள் 1,577 பேரிடம் பார்த்தார்கள். 2022-இல் வெளிவந்த முடிவில் நல்ல நலம் பெற்றவர்கள் புது மருந்தில் 100-க்கு 37 பேர். பழைய மருந்தில் 35 பேர். வித்தியாசம் சுருங்கிவிட்டது. ஆனாலும், புது மருந்து பழையதற்குக் குறைந்ததல்ல என்று உறுதியானது; ஒரே ஊசியில் வேலை முடிகிறது என்பது கூடுதல் லாபம். 2025-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்க அரசின் மருந்துத் துறையும் பக்கவாதத்துக்கு இந்த மருந்தை அனுமதித்தது.

75 பேரின் படங்கள் காட்டிய திசையில் நடந்து, 13 ஆண்டுகளில் வந்து சேர்ந்த இடம் இது.

வௌவால் கற்பித்த பாடம்

"அப்படியானால் படம் சொன்னால் வேதவாக்கா?" என்று கேட்கிறீர்களா? அதுவும் இல்லை. இதையும் கேளுங்கள்.

தென் அமெரிக்கப் பக்கத்தில் இரத்தம் குடிக்கும் வௌவால் ஒன்று உண்டு. கடித்த இடத்தில் இரத்தம் உறையாமல் இருக்க அதன் உமிழ்நீரில் ஒரு பொருள் இருக்கிறது. அதைப் பின்பற்றி 'டெஸ்மோடிப்ளேஸ்' என்ற மருந்தைச் செய்தார்கள். எம்.ஆர்.ஐ. படம் பார்த்து நோயாளிகளைத் தேர்ந்தெடுத்து, 3 முதல் 9 மணி நேரத்துக்குள் கொடுத்துப் பார்த்தார்கள். முதலில் கொடுத்த அளவில் பலருக்கு இரத்தக் கசிவு ஏற்பட்டதால் அந்த அளவை உடனே நிறுத்தி, குறைந்த அளவுக்கு மாறினார்கள். சிறு சோதனை என்பதால் ஆபத்து சிலரோடு நின்றது. குறைந்த அளவில், 2005-இல் வந்த முடிவு பிரமாதமாகத் தோன்றியது.

ஆனால், 2009-இல் வெளிவந்த அடுத்த சோதனையில் மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை! ஏன்? திரும்பிப் பார்த்தபோது ஒரு காரணம் புலப்பட்டது. சேர்க்கப்பட்ட பலருக்கு, படத்தில் குழாய் அடைப்பே தென்படவில்லை. கரைக்கக் கட்டி இல்லாத இடத்தில் கரைக்கும் மருந்து என்ன செய்யும்? நோயாளியைத் தேர்ந்தெடுக்கும்போது குழாயையும் பார்க்கவேண்டும் என்ற பாடம் இப்படிக் கிடைத்தது. மேலே சொன்ன 75 பேருக்கும் குழாய் அடைப்பைப் பார்த்துச் சேர்த்தது எவ்வளவு சரி என்று இப்போது விளங்குகிறதல்லவா?

கட்டியைக் கம்பி வலையால் பிடித்து வெளியே இழுக்கும் சிகிச்சையிலும் இதே கதை. 2013-இல் வெளிவந்த மூன்று சோதனைகளில் அது தோற்றது. குழாய் அடைப்பைப் படத்தில் உறுதி செய்யாமலே பலர் சேர்க்கப்பட்டதும், கருவிகள் பழையனவாக இருந்ததும் முக்கியக் காரணங்கள். 2015-இல் அதே சிகிச்சை, நல்ல கருவியோடும் படத் தேர்வோடும் ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து சோதனைகளில் வென்றது. அவற்றில் ஒன்று, ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 70 பேரோடு முடிந்த சோதனை. மூன்று மாதத்தில் பிறர் உதவியின்றி வாழ்ந்தவர்கள், மருந்து மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 40. கட்டியும் எடுக்கப்பட்டவர்களில் 100-க்கு 71.

தூங்கி எழுந்தவருக்கும் வழி பிறந்தது

நம் மக்களுக்கு நெருக்கமான ஒன்றைச் சொல்கிறேன். இரவு நன்றாகப் படுத்தவர், விடியற்காலை பெரட்டுக்குக் கிளம்ப எழும்போது கை வரவில்லை, வாய் குழறுகிறது. நோய் எப்போது வந்தது? பத்து மணிக்கா, நாலு மணிக்கா? யாருக்கும் தெரியாது. சுவர்க் கடிகாரத்தை நம்பிய காலத்தில் இவர்களுக்குக் கரைக்கும் மருந்து கிடையாது.

ஐரோப்பாவில் 503 பேரிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். எம்.ஆர்.ஐ.-யில் இரண்டு வகைப் படங்கள் எடுத்தார்கள். ஒரு வகையில் பாதிப்பு உடனே தெரியும். மற்றதில் சில மணி நேரம் கழித்தே தெரியும். முதலாவதில் தெரிந்து இரண்டாவதில் தெரியாவிட்டால், நோய் வந்து அதிக நேரம் ஆகவில்லை என்று பொருள். அப்படிப்பட்டவர்களுக்கு மருந்து கொடுத்ததில் 100-க்கு 53 பேர் நல்ல நலம் பெற்றார்கள். பெறாதவர்களில் 42 பேர். 2018-இல் இந்த முடிவு வெளியானது. அதே ஆண்டில் அச்சான வேறொரு சோதனையில், படம் பார்த்துத் தேர்ந்தெடுத்த 206 பேரிடம், 6 மணி முதல் 24 மணி நேரம் வரை கழித்தும் கட்டியை எடுத்துப் பலன் கண்டார்கள். பிறர் உதவியின்றி வாழ்ந்தவர்கள் 100-க்கு 49, எடுக்காதவர்களில் 13!

ஓர் எச்சரிக்கை. "24 மணி நேரம் இருக்கிறதாமே, காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அந்தச் சலுகை, படத்தில் தகுதி தெரிந்த சிலருக்கு மட்டுமே. நம் வீட்டுக்காரர் அந்தச் சிலரில் ஒருவரா என்பதைச் சொல்ல வேண்டியதும் படம்தான். அதற்கு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவேண்டுமே!

நாம் செய்யவேண்டியது

முகம் ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று கீழே விழுகிறதா? பேச்சு குழறுகிறதா? மூன்றில் ஒன்று இருந்தாலும் பக்கவாதம் என்றே எண்ணுங்கள். மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995. அழைத்தவுடன் "பக்கவாதம் போல் இருக்கிறது" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

காற்றுச் சேட்டை என்று மந்திரிக்க ஓட வேண்டாம். எண்ணெய் காய்ச்சித் தேய்த்து நேரத்தைப் போக்க வேண்டாம். விரல் நுனியில் ஊசியால் குத்த வேண்டாம். விழுங்கும் சக்தி போயிருக்கலாம். அதனால் சுடுதண்ணீர், காப்பி, மாத்திரை எதையும் வாயில் ஊற்றவோ போடவோ வேண்டாம். அடைப்பா கசிவா என்று தெரியுமுன் நீங்களாக எந்த மாத்திரையும் கொடுக்கக் கூடாது.

கடைசியாக அவர் நலமாக இருந்ததை யார், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்று நினைவில் வையுங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். அவர் சாப்பிடும் மருந்துப் பைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

வருமுன் காப்பது இன்னும் நல்லது. இரத்த அழுத்தத்தை அளந்து பாருங்கள். இனிப்பு நீர் உள்ளவர்கள் மருந்தை விடாதீர்கள். சிகரெட்டை விட்டொழியுங்கள்.

கையெழுத்துக் கேட்டால்?

இப்படிப்பட்ட சோதனை ஒன்றில் சேரச் சம்மதமா என்று ஒரு நாள் உங்களிடமே கேட்கப்படலாம். கேட்டதும், "எங்கப்பாவை எலி மாதிரி வைத்துப் பார்க்கிறீர்களா?" என்று கோபம் வருவது இயற்கை. கோபத்தை ஒரு நிமிடம் அடக்கி, இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

"வழக்கமாகக் கொடுக்கும் நல்ல சிகிச்சை இவருக்கு எப்படியும் கிடைக்குமா? புது மருந்தால் என்ன கெடுதல் வரலாம்? இதற்கு முன் எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறீர்கள்? இவரை எந்தப் படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தீர்கள்? நாளைக்கே வேண்டாம் என்றால் விலகிக்கொள்ளலாமா?"

கேள்வி கேட்பது மரியாதைக் குறைவல்ல, உங்கள் உரிமை. புரியும் மொழியில் விளக்கச் சொல்லுங்கள். மனம் ஒப்பாவிட்டால் மறுத்துவிடலாம். அதனால் வழக்கமான வைத்தியம் நிற்கக் கூடாது. ஒப்பினால், அந்தக் கையெழுத்து உங்கள் வீட்டோடு நிற்பதில்லை. அந்த 75 பேரும் ஆஸ்திரேலியாவில் எங்கோ ஓர் அவசரப் பிரிவில், பயமும் கண்ணீருமாக நின்ற குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்தாம். அவர்கள் சம்மதித்ததால்தான் இன்று பல நாடுகளில் டாக்டரின் கையில் ஒரே ஊசியாக அந்த மருந்து இருக்கிறது.

மூளைக்குள் இருக்கும் கடிகாரத்தைப் படிக்க மருத்துவர்கள் கற்றுக்கொண்டார்கள். அது ஓடி நிற்குமுன் நம்மவரைக் கொண்டு போய்ச் சேர்ப்பது நம் பொறுப்பு. இன்றிரவே அந்த எண்ணை வீட்டுச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டி வையுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்!